காக்காய்க்கு இருபத்து நாலு கிலோமீட்டர்

ஜூன் 4, செவ்வாய்

என் பெண்டாட்டி மயிலாத்தாளுக்கு இன்று எட்டாவது டயாலிசிஸ் முடிந்தது. காலையில் கடைத் தராசில் ஏற்றி நிறுத்தியபோது ஐம்பத்தைந்து கிலோ நூறு. மாலை வந்து ஏறியபோது ஐம்பத்து மூன்று. இடைப்பட்ட இரண்டு கிலோ நூறும் வெறும் தண்ணீராம். பருத்திக்கொட்டை மூட்டைக்குள் கையை விட்டு ஈரம் பார்த்தே முப்பது வருஷம் பிழைத்தவன் நான். ஒரு மனுஷிக்குள் இவ்வளவு ஈரம் தங்கும் என்று தெரியாமல் போய்விட்டது.

இந்த டைரி மாட்டுத்தீவனக் கம்பெனி கொடுத்தது. வருஷா வருஷம் கொடுப்பார்கள், பரணில் போடுவேன். மணக்காட்டூர் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ், "எவ்வளவு தண்ணி குடிக்கிறாங்க, எடை எவ்வளவுன்னு தினமும் எழுதி வைங்க சார்" என்றதால் எடுத்தேன். ஒரு நாளைக்கு எழுநூறு மில்லிதான் அளவு. காப்பி, குழம்பு, மோர் எல்லாம் அதற்குள்.

எங்கள் ஓடைவலசிலிருந்து மணக்காட்டூர் நாற்பத்தாறு கிலோமீட்டர். செவ்வாய், வெள்ளி இரண்டு நாள். காலை ஆறரைக்குப் பஸ் ஏறினால் வீடு திரும்ப ஆறு மணி. மகன் கோயம்புத்தூருக்கு வந்துவிடு என்கிறான். அவன் வீட்டு மாடியில் நின்றால் நாலு ஆஸ்பத்திரி போர்டு தெரியும். இவள் போகமாட்டேன் என்கிறாள். சரி, காரில் போ என்றால், "காருல எனக்குக் கொமட்டுதுங்க. பஸ்ஸுன்னா நாலு சனத்தோட பேசிட்டுப் போவேன்" என்கிறாள். சிக்கனமானவள்.

ஜூன் 7, வெள்ளி

எடை 54.800. பஸ் ஒரு மணி நேரம் தாமதம்.

ஜூன் 9, ஞாயிறு

மோர் குடிக்கவே இல்லை என்றாள். தராசு வேறு மாதிரி சொன்னது. தராசுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் நின்று யார் பக்கமும் பேசாமல் கடைக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 10, திங்கள்

கடலைப் புண்ணாக்கு லாரி வந்தது. இறக்கி முடிய இரண்டு மணி. கொண்டுவந்த டிரைவர் சொல்கிறான், மணக்காட்டூரில் மட்டும் இப்போது மூன்று தீவனக் கடைகளுக்கு லோடு இறக்குகிறானாம். பத்து வருஷம் முன்பு அங்கே டீ குடிக்க ஒரு நல்ல கடை கிடையாது. இன்று இரண்டு லாட்ஜ், எட்டு மருந்துக்கடை, ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நிறுத்தம். ஆஸ்பத்திரிக்கு வருகிற சனம் அப்படியே சந்தைச் சாமானும் வாங்கிப் போகிறது. எங்கள் சந்தைத் திடலில் வியாழன் தோறும் பத்து ஆடும் இரண்டு கருவாட்டுக் கடையும்.

அந்த ஆஸ்பத்திரி பதினோரு வருஷம் முன்னால் ஓடைவலசுக்குத்தான் வந்தது. எங்கள் சந்தைத் திடலில் கட்டுவதாகத் திட்டம். ஊரில் சிலர் ஆட்சேபித்தார்கள். வியாபாரிகள் என்றால் பத்தும் யோசிக்கத்தான் செய்வார்கள்.

ஊரில் ஒரு டயாலிசிஸ் மெஷினாவது இருந்தால் பஜாருக்கு நல்லது. வாரத்துக்கு ஐம்பது பேர் வெளியூரிலிருந்து வந்து போவார்கள். முழுக்க முழுக்க வியாபார நோக்கில்தான் சொல்கிறேன்.

ஜூன் 14, வெள்ளி

காலையில் நானே ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோகிறேன் என்றேன். வேண்டாம், வலசுப் பிரிவில் இறக்கிவிடுங்கள் என்றாள். ரோடு பிரிகிற அந்த இடம் ஊருக்கு வெளியே இரண்டு கிலோமீட்டர். திரும்பும்போதும் அங்கேதான் இறங்கி ஷேர் ஆட்டோவில் வருகிறாளாம்.

"ஏம் புள்ள, பஸ் ஸ்டாண்டு ஊட்டுக்குப் பக்கந்தானே?"

"அங்க கூட்டமுங்க. பிரிவுல மேடை ஒசரமா இருக்குது, படி ஏறச் சுலுவு."

யோசித்தால் சரிதான்.

ஜூன் 20, வியாழன்

மாவட்ட ஆபீசுக்குப் போய் மருத்துவ இணை இயக்குநரைப் பார்த்தேன். டாக்டர் எழிலரசி. நாற்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு மணி நேரம் உட்காரவைத்தாலும் உள்ளே போனதும் மரியாதையாகப் பேசினார். வணிகர் சங்கம் சார்பில் வந்திருக்கிறேன் என்றேன்.

சுவரில் மாநிலப் படம். ஆஸ்பத்திரி உள்ள இடங்களிலெல்லாம் வட்டம் போட்டிருந்தார்கள். சென்னைப் பக்கம் வட்டத்தின் மேல் வட்டமாக, கொசுக்கடி வாங்கிய குழந்தை முதுகு மாதிரி. எங்கள் பக்கம் ஒற்றை வட்டம், அதன் ஓரத்தில் ஓடைவலசு.

"உங்க ஊர் மணக்காட்டூர் வட்டத்துக்குள்ள வந்துருது சார். வட்டத்துக்குள்ள இன்னொரு ஆஸ்பத்திரி தரமாட்டாங்க."

"நாப்பத்தாறு கிலோமீட்டருங்க மேடம்."

"படத்துல இருபத்து நாலு."

"நடுவுல அணை கெடக்குதுங்க. காக்காய்க்கு இருபத்து நாலு. எங்க ஊட்டம்மா பஸ்ஸுலதான் போறாங்க."

சிரித்துவிட்டார். பெண்டாட்டியை நடுவில் இழுத்தது வேண்டாத பேச்சு. வாய் தவறிவிட்டது.

பிறகு ஒரு பழைய கோப்பைக் கொண்டுவரச் சொன்னார். "உங்களுக்குத்தான் சார் முதல்ல ஒதுக்கினாங்க. ஊரே கடையடைச்சு வேண்டாம்னு சொல்லியிருக்கீங்க" என்று ஒரு மனுவை எடுத்துச் சத்தமாகப் படித்தார். "'சந்தையும் மாங்கல்யமும் நடக்கும் இடத்துக்கு எதிரே பிணவறையின் வாசல் திறப்பது எம் மக்களின் வாழ்வைக் குலைக்கும்.' நல்லாத்தான் எழுதியிருக்கார். யார் இவர்? கையெழுத்து கிறுக்கலா இருக்கு."

"அப்ப இருந்த சங்கத் தலைவருங்க."

"இப்ப இருக்காரா?"

"இருக்காருங்க. முன்ன மாதிரி இல்லீங்க."

பெரிய ஆஸ்பத்திரி நடக்காது. ஆனால் மூன்று மெஷினோடு சிறிய டயாலிசிஸ் மையம் ஒன்றுக்கு எழுதிப் பார்க்கலாம் என்றார். கட்டடம் நாங்கள் தர வேண்டும். நல்ல தண்ணீர், தடையில்லாத மின்சாரம் இருக்க வேண்டும். "முக்கியமா, கோப்புல ஆட்சேபணை இருக்கு. ஆயிரத்து நானூத்துப் பன்னெண்டு பேர் வேண்டாம்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. அத்தனை பேராவது இப்ப வேணும்னு போட்டாத்தான் மேல அனுப்ப முடியும்."

திரும்பும் வழியில் பஸ்ஸில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவரிடம் இரண்டு தடவை மணி கேட்டேனாம். மூன்றாவது தடவை அவர் கடிகாரத்தையே நீட்டினார்.

ஜூன் 21, வெள்ளி

எடை 55.300. கால் வீக்கம்.

ஜூன் 30, ஞாயிறு

பழைய பட்டியலின் நகலை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறேன். அன்றைக்குக் கையெழுத்து வாங்க மூன்று நாள் ஆயிற்று. பயம் காட்டி வாங்குவது எளிது. இப்போது பத்து நாளாகிறது, எழுநூறு தாண்டவில்லை. அப்பளக் கடைக்காரர் கண்ணாடியைத் தேடுகிறேன் என்று உள்ளே போனவர் திரும்பவில்லை. டைலர் ஒருவர், "மறுபடியும் மனசு மாறினீங்கன்னா இதே பேனாவக் கொண்டாங்க சென்னியப்பண்ணா" என்றார்.

பட்டியலில் இருந்தவர்களில் நூற்று எண்பத்து மூன்று பேர் இன்று இல்லை. அதில் எத்தனை பேர் மணக்காட்டூர் போகிற வழியில் போனார்கள் என்று நான் கேட்கவில்லை. இரண்டு வீட்டில் கேட்காமலே சொன்னார்கள்.

ஜூலை 5, வெள்ளி

மறைத்து என்ன ஆகப்போகிறது. தலைவர் நான்தான். மனு நான் எழுதியது. பிணவறை என்ற சொல்லையும் நானே போட்டேன். அப்போதைய இணை இயக்குநர் அனுப்பிய வரைபடத்தில் பிணவறை திடலின் கோடியில், வேலியோரம் ஒரு சின்னக் கட்டம். அந்தக் கட்டத்தை நான் பஜாருக்கு எதிரே கொண்டுவந்தேன். சங்கம் அப்போதுதான் கல்யாண மண்டபம் கட்டி முடித்திருந்தது. பக்கத்தில் பிணம் கிடக்கும் என்றால் எவன் அங்கே தாலி கட்டுவான் என்பதுதான் எங்கள் கணக்கு. ஆஸ்பத்திரி மணக்காட்டூருக்குப் போனது என்று செய்தி வந்த அன்று பட்டாசு வெடித்தோம்.

எடை 54.900.

ஜூலை 16, செவ்வாய்

ஆயிரத்து நானூற்று இருபது ஆகிவிட்டது. செத்தவர்களுக்குப் பதில் அவர்கள் பிள்ளைகள், மருமகள்கள். நாளை ஆடி பிறக்கிறது. இனி ஒரு மாதம் கல்யாணம் கிடையாது, மண்டபம் காலி. சங்கத்தைக் கூட்ட இதுதான் நேரம். மனுஷன் சும்மா இருக்கும்போது கேட்டால் பாதி சம்மதம்.

ஜூலை 21, ஞாயிறு

மண்டபத்திலேயே கூட்டம். முப்பத்தெட்டு பேர். இப்போதைய தலைவர் ஜவுளிக்கடை லோகநாதன். மண்டபத்தின் பின்பக்கச் சாப்பாட்டுக் கூடத்தை மையத்துக்குத் தர வேண்டும் என்று சொல்லி உட்கார்ந்தேன். லோகநாதன் எழுந்தான்.

"அண்ணா, பதினோரு வருசம் முன்ன இதே மேடையில நின்னு நீங்கதான் சொன்னீங்க, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல பந்திச் சோறு எறங்காதுன்னு. நாங்க அத்தன பேரும் கை தட்டினோம்."

"தப்பாச் சொல்லிப்போட்டன் லோகு."

"அது சரிங்ண்ணா. தட்டின கைய இப்ப எங்க கொண்டுபோய் வெக்கறது?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் தோற்றுவிடுவேன் என்று தெரியும்.

பாத்திரக்கடைக்காரர் ஒரு வழி சொன்னார். "ஆடி மாசம் மண்டபம் சும்மாத்தான கெடக்குது. ஆடிக்கு மட்டும் குடுத்துப்போடலாமே?"

"கிட்னிக்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாதுங்க" என்றேன்.

"அப்ப முகூர்த்த நாள்ல ஆம்புலன்ஸு ஊதிட்டு வந்தா? அங்க கெட்டிமேளம் கொட்டறான், இங்க இவன் ஊதறான்."

இரண்டரை மணி நேரம் போயிற்று. கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். வாசல் தெற்குச் சந்துப் பக்கம் திறக்க வேண்டும். முகூர்த்த நாளில் ஆம்புலன்ஸ் சத்தமில்லாமல் வர வேண்டும். பிணவறை எந்தக் காலத்திலும் கிடையாது என்று பத்திரத்தில் எழுத வேண்டும். டயாலிசிஸ் மையத்துக்குப் பிணவறை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, என்னைவிட அந்தச் சொல்லுக்கு ஊரில் மரியாதை அதிகம்.

ஜூலை 23, செவ்வாய்

எடை காலையில் 55, மாலையில் 53.100. சாப்பிட்டு முடித்ததும் விஷயத்தைச் சொன்னேன். கையெழுத்தெல்லாம் டாக்டர் எழிலரசியிடம் கொடுத்தாயிற்று, தை மாதத்துக்குள் மெஷின் வந்துவிடும் என்கிறார், வீட்டிலிருந்து நடந்து போகலாம், முதல் கட்டில் உனக்குத்தான் என்றேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"நான் அங்க வரலீங்க" என்றாள்.

"ஏன்?"

"அங்க எல்லாருக்கும் நான் உங்க பொண்டாட்டின்னு தெரியுமில்லீங்க."

புரியவில்லை. பிறகு அவளே சொன்னாள். ஆறரைப் பஸ்ஸில் டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் நாலு பேர். நாற்பத்தாறு கிலோமீட்டரும் அவர்கள் பேசுவது ஒரே பேச்சுதான். ஊருக்கு வந்த ஆஸ்பத்திரியைத் திருப்பி அனுப்பினவனைத் திட்டுவது. பேர் சொல்வதில்லை, 'அந்த ஆளு' என்பார்களாம். இவள் தன்னை வேறு ஊர் என்று சொல்லியிருக்கிறாள். அதற்குத்தான் பிரிவில் ஏறுவதும் இறங்குவதும். காரில் போய் இறங்கினால் யார் வீட்டுக் கார் என்று தெரிந்துவிடும், அதற்குத்தான் கார் வேண்டாம்.

"அவங்க திட்டறப்ப நீ என்ன பண்ணுவே?"

தட்டை வழித்தாள். "சும்மா இருந்தா சந்தேகம் வருமில்லீங்க. நானும் ரெண்டு வார்த்தை சேத்துத் திட்டுவேன்."

"என்ன வார்த்தை?"

"அதெல்லாம் எதுக்குங்க. போற வழிக்கு ஆச்சு."

பிறகுதான் உண்மையான கவலையைச் சொன்னாள். நாட்ராயன் என்று ஒருவர், கரட்டுப்பதி ஆள், வெள்ளாடு மேய்க்கிறவர். இன்று அவர் பஸ்ஸில் இல்லை. போன வெள்ளிக்கிழமையே, "இனி முடியாதுங்க அம்மிணி, ரெண்டு நாளு முழுசாப் போவுது" என்றாராம்.

"அடுத்த வெள்ளியும் வரலீன்னா அவிய இருக்கமாட்டாங்க. தையில மெசினு வந்து என்னங்க பண்றது? யாருக்கு?"

எழுநூறு மில்லியில் அவளுக்கு இன்னும் அறுபது பாக்கி இருந்தது. ஊற்றிக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

ஜூலை 26, வெள்ளி

மாலை பிரிவில் நானே போய் நின்றேன். பஸ்ஸிலிருந்து இறங்கினவள் என்னைப் பார்த்ததும் முதலில் பின்னால் திரும்பி ஜன்னல்களைப் பார்த்தாள். பிறகு தலையை மட்டும் ஆட்டினாள். நாட்ராயன் வரவில்லை.

ஜூலை 27, சனி

விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு கரட்டுப்பதிக்குப் போனேன். கடைசி அரைக் கிலோமீட்டர் நடைதான். நாட்ராயன் வேப்பமர நிழலில் கட்டிலில் சாய்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். முகம் உப்பி, கண் இடுங்கி, கால் இரண்டும் நனைந்த சாக்கு மாதிரி. அவர் சம்சாரம் பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தது. பட்டிக்குள் ஆடுகள் கத்தின.

வரும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று அடுக்கிவைத்திருந்தேன். "நான் ஓடைவலசு சென்னியப்பன். புண்ணாக்குக் கடை. அந்தக் காலத்துல ஆஸ்பத்திரி வேண்டாம்னு எழுதினது நான்தான்" என்றேன்.

"தெரியுமுங்க மொதலாளி" என்றார்.

"எப்படி?"

"நானும்தான் கையெழுத்துப் போட்டனுங்க. சந்தைல ஆடு கட்ட எடமில்லாமப் போயிருமுன்னு சொன்னீங்க. போட்டுப்போட்டன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "பஸ்ஸுல வர்ற அத்தன பேரும் போட்டவங்கதானுங்க."

"பின்ன எதுக்கு என்னத் திட்டறீங்க?"

"நாப்பத்தாறு கிலோமீட்டருங்க. யாரையாச்சும் திட்டோணுமில்லீங்களா?"

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

"என்ற சம்சாரம் உங்ககூடத்தான் வர்றா" என்றேன்.

"அம்மிணியா? பிரிவுல ஏன் ஏறி எறங்கறாங்கன்னு எல்லாருக்கும் தெரியுமுங்க. பாவம், கேக்கறதில்ல. அவிய திட்டறப்பத்தான் எங்களுக்குச் சிரிப்பு அடக்க முடியாது. எங்களவிட நல்லாத் திட்டுவாங்க."

"சரி, எந்திரிங்க. கார் நிக்குது. மணக்காட்டூருக்கு போன் பண்ணிட்டேன், எப்ப வந்தாலும் மெஷின் போடறோம்னுட்டாங்க."

அசையவில்லை. "இன்னிக்குப் போயிட்டு வந்தர்லாமுங்க. செவ்வாக்கெழம? வெள்ளிக்கெழம? இவ காட்டு வேலைக்குப் போனாத்தான் சோறு. நானும் போயிட்டா ஆட்ட யாரு மேய்ப்பாங்க? ரெண்டு நாளு பட்டில அடைச்சு வெச்சு, ஒரு குட்டி செத்துப்போச்சு. அன்னிக்கு முடிவு பண்ணினனுங்க."

எனக்கு இது கைவந்த வேலை. "தீவனம் நான் தர்றேன். வாரத்துக்கு ஒரு மூட்டை. கட்டின எடத்துலயே தின்னட்டும்" என்றேன்.

"வெள்ளாடுங்க. நாலு செடில வாய் வெக்கலீன்னா வவுறு ஊதிப் போயிரும். மேய்க்கோணும்."

"என்ற கடையாளு ஒருத்தன அனுப்பறேன்."

"ரெண்டு வாரம் வருவானுங்க. மூணாவது வாரம் லோடு வந்திருச்சும்பீங்க."

அது உண்மை. அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"பின்ன என்னதான் பண்ணச் சொல்றீங்க?"

கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். தூங்கிவிட்டார் என்று பயந்தேன். பிறகு மெதுவாகச் சொன்னார். "நீங்களே வாங்க மொதலாளி. ஊருக்கு மெசினு கொண்டார்றதுக்குக் கையெழுத்து வாங்கறீங்களாமே, நீங்க வெயில்ல நின்னாத்தான் அது சீக்கிரம் வருமுங்க."

முப்பது வருஷ வியாபாரத்தில் என்னிடம் இப்படி நேராக யாரும் விலை சொன்னதில்லை. விசிறி நின்றிருந்தது. அவர் சம்சாரம் என்னையே பார்த்தது. மழை நாளுக்கு மட்டும் விலக்குக் கேட்டேன். மழை நாளில் ஆடே வெளியே போகாது என்றார். அதற்கு மேல் பேரம் பேச அவருக்கு மூச்சு இல்லை. நான் அக்கம்பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டேன்.

கட்டிலோடு தூக்கித்தான் காருக்குக் கொண்டுவந்தோம். இப்போது மணி பன்னிரண்டரை. உள்ளே மெஷின் ஓடுகிறது. இன்னும் மூன்று மணி நேரம் ஆகும் என்கிறார் நர்ஸ். ஆளைக் காப்பாற்றிவிடலாம் என்றும் சொன்னார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மயிலாத்தாளுக்குப் போனில் எல்லாம் சொன்னேன், பஸ்ஸில் அவளை எல்லாருக்கும் தெரியும் என்பதையும். முதல் கட்டில் நாட்ராயனுக்கு என்றால் தானும் ஓடைவலசு மையத்துக்கு வருவதாகச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாண்டிலேயே ஏறுகிறாளாம். ஆடு மேய்க்கப் போகும்போது தொப்பி போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

பேசி முடித்தது இது. வெள்ளாடு பதினான்கு, குட்டி மூன்று. செவ்வாய், வெள்ளி இரண்டு நாள், காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. மேய்ப்பது சென்னியப்பன் மட்டும், மாற்றாள் கிடையாது. ஊரான் வெள்ளாமையில் ஆடு வாய் வைத்தால் தண்டம் என்னுடையது. ஓடைவலசில் மெஷின் ஓடத் தொடங்கும் நாள் வரை இது செல்லும். அதற்குள் ஈனும் குட்டிகளில் எனக்குப் பங்கு இல்லை.